போர்டு போகவில்லை, சென்சார்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் மகள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு மக்கர் செய்தது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஓடும், டிஸ்பிளேயில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் மின்னும், பாத்திரம் மட்டும் சூடாகாது. சர்வீஸ் சென்டரில் அடுப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சு சார், 1,900 ஆகும். கூடக் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்றார்கள்.

நான் ஓய்வுபெற்ற வயர்மேன். மனசு கேட்கவில்லை, வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தேன். (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.) அப்புறம் ஸ்குரூவைக் கழற்றினேன்.

ஃபேன் ஓடினால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ் எரிந்திருந்தால்தான் கவலை. பெரும்பாலும் ஐஜிபிடி (காயிலுக்கு மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் பாகம்) ஷார்ட் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் பட்டென்று போய்விடும். இங்கே அந்த வம்பு இல்லை. என் சந்தேகமெல்லாம் சூட்டை அளக்கும் சென்சார்மேல்தான். காயிலுக்கு நடுவே, கண்ணாடியை ஒட்டினாற்போல் மிளகளவு இருக்கும். பல அடுப்புகளில் இதன் மின்தடையை மீட்டரில் பார்த்தால், ஆறியிருக்கும்போது 80 ஆயிரம் ஓம்ஸிலிருந்து ஒரு லட்சம் வரை காட்டும், சூடான டீ டம்ளரில் ஒட்டி வைத்தால் மளமளவென்று இறங்கும். இதில் மீட்டர் அசையவே இல்லை. ஒயர் அடியோடு விட்டிருந்தது. கடையில் புது சென்சார் 30 ரூபாய். மாட்டிய கையோடு மகள் பால் காய்ச்சினாள்.

பக்கத்து வீட்டில் வேறு கதை. 2,000 வாட் அடுப்பை 6 ஆம்ப் பிளக்கில் சொருகியிருந்தார்கள். கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கிற சாமான் அது. சாக்கெட் கருகிப்போய், பழி அடுப்பின்மேல் விழுந்தது.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில், வாங்கிய பொருளைப் பழுதுபார்க்கத் தேவையான விவரங்களைத் தரும் 'ரைட் டு ரிப்பேர்' (பழுதுபார்க்கும் உரிமை) இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் சமையலறைக்கு அது வந்து சேர வேண்டுமே! எந்த எண் வந்தால் என்ன கோளாறு என்பதை அடுப்பின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டலாம். சென்சார், ஃபேன், ஃபியூஸ் எல்லாம் தனித்தனியாக விற்கலாம். போர்டை மாற்றினேன் என்று பில் போடுகிறவர், கழற்றிய போர்டை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்தாக வேண்டும் என்று ஒரு விதியும் வரட்டும்.

– ஓய்வுபெற்ற வயர்மேன், மன்னார்குடி