இறாலும் ஆமையும் இறக்குமதி வரியும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய். நல்லது, ஆனால் மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். பழைய மாணவர்கள் அவ்வப்போது கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், அதனால் அது நடக்கவில்லை. உன் மகளுக்கு வர்த்தகத் துறையில் வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல்.

சரி, நீ கிளப்பிய சண்டைக்கு வருகிறேன். வர்த்தகத்தில் சுற்றுச்சூழல் என்ற பேச்சே பணக்கார நாடுகள் ஏழை நாட்டுச் சரக்கைத் தடுக்கக் கண்டுபிடித்த சாக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பாதி சரி. உனக்குச் சாதகமாக நீ சொல்லும் அந்த இறால் வழக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை முழுதாகப் படித்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

இறால் பிடிக்கும் இழுவலையில் கடலாமை மாட்டிக்கொண்டால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். அதற்கு ஒரு எளிய கருவி உண்டு. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு இடையில் புகுந்து வலையின் மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சாய்வில் வழுக்கிக்கொண்டே போய், வலையில் விட்டிருக்கும் திறப்பின் வழியாக வெளியேறிவிடும். இதை மாட்டாமல் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன.

1998-இல் மேல்முறையீட்டில் அமெரிக்கா தோற்றது. நீ இங்கேதான் படிப்பதை நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன். ஆமையைக் காப்பாற்ற இறக்குமதியைத் தடுப்பதே தப்பு என்று தீர்ப்பு சொல்லவில்லை. 1947-இல் எழுதிய காட் என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில், விதிவிலக்குகளைச் சொல்லும் 20-வது பிரிவில் சுற்றுச்சூழல் என்ற சொல்லே கிடையாது. "தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்கள்" என்றுதான் இருக்கிறது. ஆமையும் அதில் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா மாட்டிக்கொண்டது நடந்துகொண்ட விதத்தில்தான். கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருட அவகாசம், தொழில்நுட்ப உதவி, உட்கார்ந்து பேச்சுவார்த்தை. ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம். ஒரே சட்டம், ஆளுக்கொரு நியாயம். பிறகு அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா மறுபடியும் வழக்குப் போட்டு 2001-இல் தோற்றது. அதாவது தடை கடைசிவரை நின்றது, பாரபட்சம்தான் போனது.

ஆக, சாக்கு எது, அக்கறை எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எதிராளிக்கு அவகாசமும் உதவியும் கொடுத்தார்களா என்று பார்த்தால் போதும். ஓசோன் படலத்துக்காக 1987-இல் போட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைச் செய்தது. சேராத நாடுகளோடு, ஓசோனை அரிக்கும் குளோரோபுளோரோகார்பன் வியாபாரம் செய்யக்கூடாது என்று கதவை அடைத்தார்கள். கூடவே, வளரும் நாடுகளுக்குக் கூடுதல் காலமும், தொழிற்சாலைகளை மாற்றிக்கொள்ளத் தனி நிதியும் கொடுத்தார்கள். உலகத்தில் எல்லா நாடும் அதில் சேர்ந்தது.

இதே அளவுகோலை, சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்காக இறக்குமதிமீது ஐரோப்பிய ஒன்றியம் போடும் கார்பன் எல்லை வரிமீது வைத்தால் உன் பாதி சரியாகிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் கணக்குக் காட்டுவதோடு ஆரம்பித்து, 2026 தொடக்கத்திலிருந்து காசு கேட்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் எல்லாம் அதில் வருகின்றன. உள்ளூர் ஆலைகள் கார்பனுக்கு விலை கொடுக்கும்போது வெளியிலிருந்து வரும் சரக்கு சும்மா வரலாமா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குக்கூட விலக்கு இல்லை. வசூலாகும் பணம் அந்த நாடுகளின் ஆலைகளைச் சுத்தமாக்கப் போகும் என்ற உறுதியும் சட்டத்தில் இல்லை. கார்பனைக் கணக்குப் போடவே ஆள் இல்லாத சின்ன ஏற்றுமதியாளர் என்ன செய்வார்? 1992-இல் ரியோ பூமி மாநாட்டில் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து இந்த வரியில் தெரியவில்லை.

ஆனால் செல்வம், இந்த எல்லைச் சண்டையில் நாம் மும்முரமாக இருக்கும்போது பெரிய விஷயம் வேறெங்கோ நடக்கிறது. ஒரு நாட்டின் காடும் கடலும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் தீர்மானமாவதில்லை. நிதித்துறை எதற்கு மானியம் கொடுக்கிறது, வங்கி எதற்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கிறது, வணிகத்துறை எந்தச் சரக்குக்கு வரியைக் குறைக்கிறது, அங்கேதான் எல்லாம் முடிந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கோப்பு வரும்போது மரத்தை எங்கே நடலாம் என்று கேட்கத்தான் மிச்சம் இருக்கும்.

கோஸ்டாரிகாவைப் பார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யவேண்டும் என்று மலிவுக் கடன் கொடுத்தார்கள். காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினால் லாபம். நாட்டில் கால்வாசிக் காடுதான் மிஞ்சியது. வனத்துறை தூங்கியதால் வந்த வினை அல்ல அது, கடன் கொள்கை செய்த வேலை. மாட்டுத் தொழிலுக்கான சலுகைகள் குறைந்தன, 1996-இல் புதிய வனச் சட்டம் வந்தது, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காட்டைக் காப்பாற்றும் நில உரிமையாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று பாதிக்கும் மேல் காடு. சர்வதேசச் சந்தையில் இறைச்சி விலை விழுந்ததும் உதவியது, அதையும் சொல்லிவிடவேண்டும். எல்லாப் புகழையும் சட்டத்துக்கே கொடுத்தால் நீ அடுத்த கடிதத்தில் பிடித்துக்கொள்வாய்.

மானியம் என்றதும் மீன்பிடி நினைவுக்கு வருகிறது. கடலில் மீன் குறைகிறது என்று ஒரு துறை புலம்பும், இன்னொரு துறை பெரிய கப்பலுக்கு டீசல் மானியம் கொடுக்கும். இரண்டும் ஒரே அரசாங்கம். இதை நிறுத்த 2001-இல் தோஹாவில் பேச ஆரம்பித்து, 2022 ஜூனில்தான் உலக வர்த்தக அமைப்பில் ஒப்பந்தம் வந்தது. நடைமுறைக்கு வர 2025 செப்டம்பர் ஆகிவிட்டது. அதிலும் திருட்டு மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்த மீன்களுக்கும், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலுக்கும் போகும் மானியம்தான் அடைபட்டது. கப்பல் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும் பொதுவான மானியம் இன்னும் பேச்சுவார்த்தையில் இழுபடுகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு கணக்கு இதைவிடப் பெரிது: 2022-இல் உலக நாடுகள் நேரடியாகக் கொடுத்தது 1.3 லட்சம் கோடி டாலர் என்று பன்னாட்டு நாணய நிதியம் கணக்கிட்டது.

இறக்குமதி வரி அட்டவணை இன்னும் சுவாரசியம். பெரும்பாலான நாடுகளில் கச்சாப் பொருளுக்கு வரி குறைவு, முடிந்த சரக்குக்கு அதிகம். உள்நாட்டு ஆலைக்கு மலிவாகப் பொருள் கிடைக்கவேண்டும் என்பது அதன் தர்க்கம், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகை அதிகம் கக்கும் தொழில்கள் பெரும்பாலும் அந்தக் கச்சாப் பொருள் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் அழுக்கான சரக்குக்கு யாரும் கேட்காமலேயே ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது. ஜோசப் ஷாபிரோ என்ற பொருளாதார அறிஞர் 2021-இல் இதை நாடு நாடாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதைப் படித்தபிறகு எனக்கு வரி அட்டவணையைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. சுற்றுச்சூழலைக் கெடுக்கவேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்க ஏற்பாடு செய்த இடத்திலும் ஓட்டை இருக்கிறது. திட்டங்களை முன்கூட்டியே சுற்றுச்சூழல் கண்ணோட்டத்தில் ஆராயவேண்டும் என்று ஐரோப்பா 2001-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. நல்ல நெறிமுறை. ஆனால் நிதி, பட்ஜெட் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு! எதை முதலில் பார்க்கவேண்டுமோ அதற்கு விலக்கு. தென் அமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளோடு ஐரோப்பா போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் இன்னும் வேடிக்கை. பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று 2019 ஜூனில் அறிவித்தார்கள். அதன் சுற்றுச்சூழல், சமூகத் தாக்கத்தை அளக்கும் ஆய்வறிக்கை அப்போது முடியவே இல்லை. அது தவறான நிர்வாகம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளரே 2021-இல் சொல்லிவிட்டார்.

உன் மகளிடம் இதைச் சொல்லிவை. ஏதாவது ஒப்பந்தத்தின் தாக்க அறிக்கை அவள் மேஜைக்கு வந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அட்டையில் உள்ள தேதியைப் பார்க்கட்டும். பேச்சுவார்த்தை முடிந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். புதிதாகச் சேர்ந்தவள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால்தான் வம்பு.

அப்புறம், கார்பன் எல்லை வரிக்குப் பதிலடியாக ஏற்றுமதி செய்யும் நாடே அந்த வரியைப் போட்டுப் பணத்தைத் தன் கஜானாவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. சரக்கு பிறந்த நாட்டில் கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. எனக்கு இது சரியாகப் படுகிறது. நீ கண்டிப்பாக மறுப்பாய். காரணத்தோடு எழுது.

அன்புடன்,
மாணிக்கம்