35 வயதில் ஓர் இரத்தப் பரிசோதனை

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவின் சர்க்கரை இந்த மாதமும் கட்டுக்குள்தான் இருக்கிறது. தொலைபேசியில் பரிசோதனை என்று நான் வாயெடுத்தாலே, "தினமும் சைக்கிளில்தானே அலுவலகம் போகிறேன், எனக்கு எதற்கு அதெல்லாம்" என்று நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். எழுத்தில் சொன்னால் இடையில் மறிக்க முடியாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். நான் சொல்லப்போவது பெரும்பாலும் நீ வாழும் நெதர்லாந்திலேயே, அதிலும் நீ குடியிருக்கும் தி ஹேக் நகரிலேயே நடந்த ஆய்வுகளைப் பற்றியது. ஆகவே இதை வழக்கமான தாய்ப் பயம் என்று ஒதுக்கிவிடாமல் முழுவதும் படித்துவிடு.

உன் தெருமுனையில் இருக்கும் சூரினாம் கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் காராமணியும் கோழிக்கறியும் கிடைப்பதாகவும், நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மிக அருகில் வருவது அதுதான் என்றும் ஒருமுறை சொன்னாய் அல்லவா? அந்தக் கடையை நடத்துபவர்களின் முன்னோர் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் போனவர்கள். 1873இல் 'லல்லா ரூக்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள் இருந்த சூரினாமில் இறக்கியது. 1916 வரை ஏறத்தாழ 34,000 பேர் அப்படிப் போனார்கள். 1975இல் சூரினாம் விடுதலை பெற்ற காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருந்தொகையாக நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, அவர்களில் மிகப் பலர் தி ஹேக்கில் தங்கிவிட்டார்கள். அங்கே அவர்களை ஹிந்துஸ்தானியர் என்றே அழைக்கிறார்கள். இந்த வரலாற்றை நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஐந்து தலைமுறைக்கு முன் ஊரை விட்டு, கடல் கடந்து, வேறொரு கண்டத்தில் வேர்விட்டு, மீண்டும் ஐரோப்பாவுக்கு வந்து, டச்சுப் பள்ளிகளில் படித்து, டச்சு மருத்துவம் பார்த்துக்கொள்ளும் ஒரு மக்கள்கூட்டத்தின் உடம்பில், நம் துணைக்கண்டத்துச் சர்க்கரை நோய் இன்னும் விடாமல் தொடர்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்கள் உன் அண்டைவீட்டார்.

விடை, தொடர்கிறது என்பதுதான். 1990களில் தி ஹேக்கில் நடந்த ஆய்வில், 60 வயதைக் கடந்த ஹிந்துஸ்தானியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்ற அளவில் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அதே வயதுடைய டச்சுக்காரர்களிடம் அந்த அளவு பல மடங்கு குறைவு. அதன் பிறகு ஆம்ஸ்டர்டாமில் 'ஹீலியஸ்' என்ற பெயரில் மிகப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். 2011 முதல் 2015 வரை, 18 வயதிலிருந்து 70 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 25,000 பேரை நகராட்சிப் பதிவேட்டிலிருந்து தெரிந்தெடுத்து அழைத்து, இரத்தம் எடுத்து, இடுப்பளவு பார்த்து, கேள்விகள் கேட்டார்கள். டச்சுக்காரர், ஹிந்துஸ்தானியர், ஆப்பிரிக்க வழி சூரினாமியர், துருக்கியர், மொராக்கோவினர், கானா நாட்டினர் ஆகிய ஆறு பிரிவினரும் ஒரே நகரில், ஒரே கருவிகளால், ஒரே முறையில் அளக்கப்பட்டார்கள் என்பதே இதன் பெருமை. ஆய்வகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், இரண்டு ஊர்களின் எண்களை ஒப்பிடும்போது வரும் சந்தேகங்களில் பாதி இங்கே அடிபட்டுப் போகிறது. கானாவினரிடமும் ஆப்பிரிக்க வழியினரிடமும் இரத்த அழுத்தம் ஓங்கி நின்றது. சர்க்கரையில் ஹிந்துஸ்தானியர் முன்னணியில் நின்றார்கள். அதுவும் டச்சுக்காரர்களைவிட இளம் வயதில், அவர்களைவிடக் குறைந்த எடையில்.

அங்கே குடும்ப மருத்துவர்கள் பின்பற்றும் தேசிய வழிகாட்டி நெறியிலேயே இது ஏறிவிட்டது. பரம்பரையாகச் சர்க்கரை உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் போன்றோருக்கு 45 வயதுக்கு மேல் மூன்றாண்டுக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கச் சொல்லும் அந்த நெறி, ஹிந்துஸ்தானியருக்கு மட்டும் அந்த எல்லையை 35க்கு இறக்கி வைத்திருக்கிறது. உனக்கு வரும் ஐப்பசியில் 35 நிறைகிறது.

நான் ஹிந்துஸ்தானி இல்லையே, காவிரிக்கரைக்காரன் ஆயிற்றே என்று நீ வாதாடலாம். நியாயமான வாதம்தான். அந்த ஆய்வுகளில் தமிழர்கள் தனிப் பிரிவாக இல்லை. பீகாரியின் உடம்பும் நம் உடம்பும் ஒன்றே என்று யாரும் நிரூபித்துவிடவும் இல்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, வயது வந்த இந்தியரில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை என்றும், மேலும் 15.3 பேர் அதன் விளிம்பில் இருக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. நம் மாநிலம் அதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. அப்பாவுக்கு 42 வயதில் வந்தது, உன் பெரியப்பாவுக்கு 40இல் வந்தது என்பதை நான் எந்த ஆய்விலும் தேட வேண்டியதில்லை.

உன் எடைக்கு வருகிறேன். 174 சென்டிமீட்டர் உயரம், 72 கிலோ எடை என்றாய். கணக்குப் போட்டால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 23.8 வருகிறது. 25 வரை இயல்பு என்று கொள்ளும் டச்சு அட்டவணையில் நீ நிம்மதியாக உள்ளே இருக்கிறாய். ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் நீ வெளியே நிற்கிறாய். எடையைவிட இடுப்பளவுதான் எனக்குக் கவலை தருகிறது. சென்ற பொங்கலுக்கு வந்தபோது உனக்கு 34 அளவு பேன்ட் போதவில்லை, 36 எடுத்தோம். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. ஐரோப்பியருக்கு 94 வரை விட்டிருக்கிறார்கள். பேன்ட் அளவை நம்பாதே, அதைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளந்து பார். ஆய்வகத்தில் இருந்த காலத்தில், வேறெதற்கோ அறுவை சிகிச்சைக்கென்று வந்து, அதற்கு முன் எடுக்கும் வழக்கமான பரிசோதனையில் 300ஐத் தாண்டிய சர்க்கரையுடன் திகைத்து நின்ற ஒல்லியான மனிதர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். கொத்தனார்களும் சுமை தூக்குபவர்களும்கூட அதில் உண்டு.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். லைடன் நகர ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மெலிந்த, நோயற்ற இளைஞர்கள் 24 பேர். பாதிப் பேர் தெற்காசிய வழியினர், பாதிப் பேர் வெள்ளையர். ஒவ்வொருவரையும் குளிர்நீர் ஓடும் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைத்து, உடல் நடுங்கத் தொடங்கும் எல்லை வரை நீரைக் குளிரவைத்து, உள்ளே இருந்து எரிந்து உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு எவ்வளவு சர்க்கரையை இழுத்து எரிக்கிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். தெற்காசியரிடம் அந்தப் பழுப்புக் கொழுப்பு குறைவாக இருந்தது. சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் குறைவாக இருந்தது. மற்றவர்களைவிட முன்னதாகவே அவர்கள் நடுங்கத் தொடங்கினார்கள். (கார்த்திகையிலேயே நீ குளிர் தாங்கவில்லை என்று புலம்புவதற்கு இனி என்னிடம் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.) ஆனாலும் 24 பேரை வைத்து ஒரு துணைக்கண்டத்தின் தலைவிதியை எழுத முடியாது. அதைச் சுவையான ஒரு துப்பு என்ற அளவில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பரம்பரை, மரபணு என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அதற்கும் டச்சுக்காரர்களின் சொந்த வரலாறே சாட்சியாக இருக்கிறது. 1944 செப்டம்பரில் இரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததற்குப் பழிவாங்க, ஜெர்மானியப் படை மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தது. தடை தளர்ந்த வேளையில் கால்வாய்கள் உறைந்து படகுகளும் நின்றுபோயின. நவம்பர் இறுதியில் ஒரு நாள் பங்கீடு 1,000 கலோரிக்குக் கீழே போய், மேலும் சரிந்தது. மக்கள் துலிப் கிழங்கையும் சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். 1945 மே மாத விடுதலைக்குள் 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் கொடுமைக்கு நடுவிலும் ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா மருத்துவமனை, பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும் அளவுகளையும் பிசகாமல் குறித்து வைத்தது. பட்டினிக்கு முன்னும் பின்னும் நடுவிலும் அங்கே பிறந்த 2,414 குழந்தைகளின் பதிவேடுகளைப் பல பத்தாண்டுகள் கழித்து எடுத்து, அவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, பட்டினியின்போது கருவிலிருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கருவின் தொடக்க மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டது. 2008இல் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டினிக் காலத்தில் கருவானவர்களை அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டு, ஆறு பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஒரு மரபணுவின் மேல் படிந்திருக்கும் வேதிக் குறி மாறியிருப்பதைக் காட்டினார்கள். இவர்கள் எல்லோரும் உயரமான, வெள்ளையான டச்சுக்காரர்கள்.

புணேயில் பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையோடு, இங்கிலாந்துக் குழந்தைகளைவிட மிகச் சிறியவர்களாகப் பிறந்தும், தோலுக்கடியில் கொழுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்ற நம் நாட்டு ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. நம் முன்னோரின் பஞ்சங்களே நம் சர்க்கரைக்குக் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் ஊகத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்பாய். தி ஹேக்கில் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 500க்கும் மேற்பட்ட ஹிந்துஸ்தானியரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அவர்கள் பண்பாட்டை அறிந்த உணவு ஆலோசகர்களைக் கொண்டு தீவிரமான வழிகாட்டல் கொடுத்தார்கள். எடையிலோ சர்க்கரையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். அதே வகையான முயற்சி சென்னையில் 531 பேரிடம் நடந்து, 2006இல் முடிவு வெளியானபோது, எந்த உதவியும் பெறாதவர்களில் மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்திருந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. விளிம்பில் இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் அப்படித் தப்பிய 16 பேரில் ஒருவராகும் வாய்ப்பு கிடைத்தது. நான் உன்னைக் கேட்பது அந்தத் தெரிந்துகொள்ளுதலை மட்டுமே. அரிசியை விடு, ரொட்டியை விடு என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

இங்கே போல் ஆய்வகத்துக்கு நேரே நடந்துபோய் மாஸ்டர் செக்கப் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை, எல்லாவற்றுக்கும் குடும்ப மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும், அவரோ எதற்கும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்பார் என்று நீயே சிரித்திருக்கிறாய். ஆகவே பொதுவாகப் பரிசோதனை வேண்டும் என்று கேட்காதே. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் எந்த வயதில் வந்தது என்பதையும், உன் பூர்வீகம் தென்னிந்தியா என்பதையும் சொல்லிவிட்டு, ஹிந்துஸ்தானியருக்கு வகுத்த 35 வயது எல்லை உனக்கும் பொருந்துமா என்று நேராகக் கேள். குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு நீ கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனைச் செலவு, ஆண்டுக்கு 385 யூரோ வரை நீயே ஏற்க வேண்டிய காப்பீட்டுப் பங்கில் சேரும். அது தடையாக இருக்குமானால் சொல், அப்பா அனுப்புவதாகச் சொல்கிறார்.

அங்கே அலகு வேறு, சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலில் சொல்வார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.4 என்று வந்தால் அதை 18ஆல் பெருக்கிக்கொள், நம் கணக்கில் 97. 6.1 முதல் 6.9 வரை விளிம்பு, 7 அல்லது அதற்கு மேல் வேறொரு நாளும் வந்தால் நோய். மூன்று மாதச் சராசரி (HbA1c) 37 என்று அச்சிட்டிருந்தால் நம் ஊர் அறிக்கையில் அது 5.5 சதவீதம். அறிக்கை வந்ததும் அலகு தெரியும்படி முழுப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. "நார்மல்" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மருத்துவரிடம் தேதி வாங்கியதும் எனக்குத் தெரிவி.

அன்புடன்,
அம்மா