ஜெயித்தது சரி, எதைச் சொல்லி?

ஆசிரியருக்கு,

திருநங்கை ஒருவர் தேர்தலில் ஜெயித்தால் ‘வரலாற்றுச் சாதனை’ என்று தலைப்புப் போடுகிறோம். எதைச் சொல்லி ஓட்டுக் கேட்டார் என்பதை விட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017-ல் திருநங்கை டேனிகா ரோம் தோற்கடித்த பாப் மார்ஷல், 1992 முதல் மாநிலச் சட்டமன்றத்தில் அசைக்க முடியாமல் இருந்த உறுப்பினர். திருநர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்த மசோதா கொண்டுவந்தவர். டேனிகாவுடன் நேருக்கு நேர் விவாதிக்கவும் மறுத்தார். உள்ளூர் நிருபராக இருந்த டேனிகாவோ, வீடு வீடாகப் போய் 28-ம் எண் சாலையின் நெரிசலைப் பற்றியே பேசினார். தினமும் அதில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு வேறென்ன பெரிய கவலை? ஜெயித்த பிறகு மார்ஷலைப் பற்றிக் கேட்டதற்கு, அவரும் இப்போது என் தொகுதிக்காரர், தொகுதி மக்களை நான் தாக்கிப் பேசுவதில்லை என்றார். 2023-ல் மாநில செனட்டுக்கும் தேர்வானார்.

எங்கள் வேலூர் மாநகராட்சியிலும் 2022-ல் திருநங்கை கங்கா நாயக் வெறும் 15 ஓட்டு வித்தியாசத்தில் கவுன்சிலரானார். சரி, அப்புறம் அந்த வார்டில் சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் எப்படி இருக்கிறது? நிருபரை அனுப்பி அதையும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், வேலூர்