கடிதக் கட்டைப் பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில் இரண்டு யோசனைகள் எங்களைத் திடுக்கிட வைத்தன. பரணில் கிடக்கும் பழைய கடிதங்களில் சொந்தக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வழக்கு, வியாபாரம், கணக்கு சம்பந்தப்பட்டவற்றைக் கழித்துவிடலாம் என்பது ஒன்று. வைத்துக்கொண்டதை லேமினேஷன் செய்துவிட்டால் ஈரம் அண்டாது என்பது மற்றொன்று. கொடைக்கானலிலோ பண்ணைக்காட்டிலோ யாராவது இவற்றை நம்பிச் செய்துவிட்டால் போனது போனதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் யோசனை ஏன் தவறு என்பதற்கு ஆபிரகாம் லிங்கனின் ஒரே ஒரு கடிதம் போதும். தேதி 1846 அக்டோபர் 22. லிங்கன் அப்போது இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் வக்கீல். இரண்டரை மாதம் முன்புதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வாகியிருந்தார். கென்டக்கிக்குத் திரும்பிவிட்ட நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதுகிறார். கடிதம் தொடங்குவது, ஸ்பீடு கேட்டிருந்த தொழில் விவகாரம் ஒன்றுக்குச் சட்டப்படியான பதிலுடன். அந்த முதல் பத்தியை மட்டும் பார்ப்பவர் ‘கேஸ் காகிதம்’ என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் கீழே போகப் போக, காங்கிரஸுக்குத் தேர்வானது தாம் எதிர்பார்த்த அளவு மகிழ்ச்சி தரவில்லை என்கிறார். மார்ச் 10ஆம் தேதி இன்னொரு பையன் பிறந்திருக்கிறான் என்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே மூத்தவன் பாபைக் காணவில்லை என்று ஆள் வருகிறது. வீட்டுக்குப் போவதற்குள் தாய் அவனைக் கண்டுபிடித்து அடியும் கொடுத்தாயிற்று, இந்நேரம் மறுபடி ஓடிப்போயிருப்பான் என்று எழுதுகிறார். சட்டம், அரசியல், குடும்பம் மூன்றும் ஒரே தாளில் இருக்கின்றன. இதைத் தொழில் கட்டில் போடுவதா, சொந்தக் கட்டில் போடுவதா?

நம் பக்கத்து வக்கீல்கள், காப்பித் தோட்டக்காரர்கள், மண்டிக்காரர்கள் எழுதிய கடிதங்களும் இப்படித்தான். சரக்கு வந்து சேர்ந்த விவரத்தில் ஆரம்பித்து, தங்கச்சி கல்யாணத்தில் போய் முடியும். முதல் நாலு வரியை வைத்துத் தரம் பிரிக்கக் கூடாது.

கட்டின் வரிசையையும் கலைக்கக் கூடாது. லிங்கனின் அலுவலகத்தில் ஒரு காகிதக் கட்டின் மேல், வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் தேடு என்று அவரே எழுதி வைத்திருந்ததாக அவருடைய கூட்டாளி வக்கீல் ஹெர்ன்டன் சொல்லியிருக்கிறார். அந்த மேல்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே உள்ளதைத் தேதிவாரியாக அடுக்கினால், இவை ஏன் ஒன்றாக இருந்தன என்பதே தெரியாமல் போகும். 1850 ஜூனில் ரிச்சர்டு தாமஸ் என்பவருக்குத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு லிங்கன் எழுதினார். வந்த கடிதத்தைப் பழைய தொப்பிக்குள் வைத்தாராம், மறுநாள் புதுத் தொப்பி வாங்கியதில் பழையது ஒதுங்கிவிட்டதாம். கடிதம் எங்கே இருந்தது என்பதும் கடிதத்தின் சேதிதான். ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதலில் எதையும் தொடாமல் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பிறகு கட்டுக்கு ஒரு எண், அதற்குள் தாளுக்கு ஒரு எண் என்று 2பி பென்சிலால் பின்புற மூலையில் மெல்லிதாக எழுதுங்கள். பேனா, ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம்.

உறை, ஓரக் குறிப்பு, கறை ஆகியவற்றையும் ‘சுத்தம்’ செய்யாதீர்கள். 1842 மார்ச்சில் ஸ்பீடு தம்பதியிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரு வயலட் பூ இருந்தது. எடுத்தவுடன் பொடிந்துவிட்டது, ஆனால் அதன் சாறு தாளில் விட்ட கறையை அனுப்பியவரின் நினைவாகப் பாதுகாக்கப்போவதாக லிங்கன் பதில் எழுதினார். நம் வீடுகளில் அது மஞ்சளாகவோ குங்குமமாகவோ இருக்கும். பிளீச்சிங் பவுடரால் வெளுப்பாக்கினால் கறையோடு எழுத்தும் போகும்.

ஒரு வீட்டில் இருப்பது பெரும்பாலும் பாதி உரையாடல்தான். வந்த கடிதங்கள் இருக்கும், போனவை பெற்றவரின் வீட்டில் இருக்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் உள்ள லிங்கன் ஆவணங்களில் பெரும்பகுதியும் அவருக்கு வந்தவையே. மேலே சொன்ன மகன் பாப், அதாவது ராபர்ட், 1919இல் அவற்றை அங்கே ஒப்படைத்தார். தாம் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதால் 1947 ஜூலை 26 அன்றுதான் பொதுப் பார்வைக்கு வந்தன. ஸ்பீடுக்குப் போன கடிதங்கள் நமக்குக் கிடைத்தது ஸ்பீடு பத்திரமாக வைத்திருந்ததால்.

போன கடிதத்துக்கு நகல் வைக்க 19ஆம் நூற்றாண்டு வக்கீல்களும் கம்பெனிகளும் பயன்படுத்தியது காப்பி பிரஸ், அதாவது அழுத்தி நகலெடுக்கும் கருவி. ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற முறை அது. மேலே திருகுக் கைப்பிடி வைத்த அந்த இரும்புச் சாதனத்தைப் புத்தகம் பைண்டு செய்யும் பிரஸ் என்று நினைத்துப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதோடு இருந்த நகல் புத்தகமும் வெற்றுத் தாள் என்று எடைக்குப் போய்விடுகிறது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நூற்றுக்கணக்கான மெல்லிய டிஷ்யூ தாள்கள், முன்னால் ஒரு பெயர் அட்டவணை, தாளில் மங்கிய ஊதாவோ பழுப்போ ஆன தலைகீழ்க் கிறுக்கல் போன்ற தடம்.

அது உருவான விதம் இது. சர்க்கரையோ பிசினோ கூடுதலாகச் சேர்த்த, சீக்கிரம் காயாத மையில் கடிதம் எழுதுவார்கள். டிஷ்யூ தாளை ஈரத் துணியால் நனைத்து, மிகுதி நீரை ஒற்றுத்தாளால் ஒற்றி எடுப்பார்கள். மற்றப் பக்கங்கள் நனையாமல் இருக்க எண்ணெய்த் தாளை இரண்டு பக்கமும் செருகி, கடிதத்தை எழுத்துப் பக்கம் டிஷ்யூவில் படும்படி வைத்துப் பிரஸ்ஸைத் திருகி இறுக்குவார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மை கொஞ்சம் ஏறிவிடும். ஏறுவது கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருக்கும், தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். தண்ணீர் அதிகமானால் எழுத்து கரைந்து பரவும், குறைந்தால் ஏறவே ஏறாது. எழுதிய அன்றே எடுக்காவிட்டாலும் மங்கல்தான். ஆகவே படிக்க முடியவில்லை என்று தூக்கிப்போடும் முன், தாளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள்.

1870களுக்குப் பின் வந்த ஊதாச் சாய மை நகல்கள்தான் மிக அபாயத்தில் இருப்பவை. தண்ணீர் பட்டால் கரையும், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். முதலில் போட்டோ எடுக்க வேண்டியது இவற்றைத்தான். ஜன்னலோர நிழல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம். 1850க்கு முந்தைய கடிதங்கள் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்த தாள், அதனால் இன்றும் வலுவாக இருக்கும். பிந்தைய மரக்கூழ்த் தாள் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்திருப்பதால் மடிப்பில் முறியும். 1840இன் கடிதம் நன்றாக இருக்க 1890இன் கடிதம் உதிர்வது இதனால்தான். மை வேறு விஷயம். மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் சேர்த்துச் செய்த கறுப்பு மை, ஈரம் கூடினால் அதிலுள்ள இரும்பும் அமிலமும் நகர்ந்து எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையமாகப் பரவி, கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும். அந்த வளையம் தெரியும் தாளை நனைக்கவே கூடாது, ஈரக் காற்றும் காட்டக் கூடாது.

கொடைக்கானலின் குளிர் தாளுக்கு நல்லது, கெடுப்பது மேகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும்போது காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்கும், பூசணம் பிடிக்க அதுவே போதும். ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானியைப் பெட்டிக்குள் வையுங்கள். 45 முதல் 55 வரை காட்டினால் நிம்மதி. அதைத் தாண்டினால் பெட்டிக்கு அரைக் கிலோ சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற மணிகள்), துணிப்பையில் கட்டி, தாளைத் தொடாமல். அந்த நிறம் மாறினால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பெட்டி வெளிச்சுவரை ஒட்டியோ கணப்புக்கு மேலேயோ இருக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தேவை.

நனைந்துவிட்ட கடிதத்தை வெயிலில் விரிக்காதீர்கள். தாளுக்குத் தாள் ஒற்றுத்தாளோ அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்டோ வைத்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றி, விசிறிக் காற்று நேராகப் படாத அறையில் உலர்த்துங்கள். 48 மணி நேரத்துக்குள் முடியாது என்று தோன்றினால் பிளாஸ்டிக் பையில் போட்டு டீப் ஃபிரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யலாம். பூசணத்தை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கும். முழுதும் காய்ந்தபின் மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இராமபாணப் பூச்சிக்கு நீலகிரித் தைலம் தடவும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. தாளில் எண்ணெய்ப் பசை ஒருமுறை ஏறினால் இறங்காது. பெட்டியும் அறையும் சுத்தமாகவும் உலர்வாகவும் இருந்தால் பூச்சி தானே குறையும். பழைய கேஸ் கட்டுகளைச் சுற்றியிருக்கும் சிவப்பு நாடாவின் சாயம் ஈரத்தில் கசியும், அதை அவிழ்த்துத் தனி உறையில் போட்டுவிட்டுச் சாயமில்லாத பருத்தி நாடா கட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டு மெதுவாக உருவ வேண்டும்.

தேதி கண்டுபிடிப்பதிலும் பலர் தவறுகிறார்கள். மதுரையில் 1834 முதல் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டியதால் அமெரிக்கக் கையெழுத்து இந்த மலைக்குப் புதிதல்ல. அவர்கள் 4/7 என்று எழுதினால் ஏப்ரல் 7. பழைய ஆங்கிலக் கடிதங்களில் ‘இன்ஸ்டண்ட்’ என்பதன் சுருக்கம் இந்த மாதத்தையும், ‘அல்டிமோ’ போன மாதத்தையும், ‘ப்ராக்ஸிமோ’ வரும் மாதத்தையும் குறிக்கும். மேலே சொன்ன 1846 கடிதத்தில் ஸ்பீடின் கடிதம் எந்தத் தேதியிட்டது என்பதை லிங்கன் ‘இன்ஸ்டண்ட்’ போட்டே குறிக்கிறார். அமெரிக்காவில் அஞ்சலிட்ட கடிதம் உறையே இல்லாமல் தாளையே மடித்து அரக்கு வைத்திருந்தால் 1845க்கு முந்தையதாக இருக்கலாம். அதுவரை அமெரிக்கத் தபால் கட்டணம் தாள் எண்ணிக்கைப்படி இருந்ததால் உறையும் ஒரு தாளாகக் கணக்கானது. அவ்வாண்டு ஜூலையிலிருந்து அரை அவுன்ஸுக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். தபால்தலை 1847 ஜூலையில் வந்தது. அப்போதைய முத்திரைகளில் பல வேளை ஆண்டு இருக்காது. இப்படித்தான் கணக்கிட வேண்டியிருக்கும், அதனால்தான் உறையைத் தூக்கிப்போடாதீர்கள் என்கிறோம்.

லேமினேஷன் பற்றி: சூட்டில் உருகும் பசை நாருக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. தாளின் அமிலமும் உள்ளேயே அடைபட்டு வேலையைத் தொடரும். பி.வி.சி. உறைகளும் வேண்டாம், அவை மையை ஒட்டி எடுத்துவிடும். அமிலமற்ற தாளில் மடித்த உறை போதும். ஏற்கெனவே லேமினேஷன் செய்துவிட்டவர்கள் அதைப் பிரிக்க முயலாமல், இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு இருட்டான, குளிர்ந்த அலமாரியில் தட்டையாக வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்தத் திருத்தத்தை அதே பகுதியில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் பணியில் உள்ளோர்,
கொடைக்கானல்