பரோல் நாட்களைப் பற்றி ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள குமாரசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து, காலையில் குண்டாறு அணைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே கணவாய்க் காற்று இறங்கிவிட்டது. மழை சரியாகப் பெய்யாததால் கடலைச் செடி வாடித்தான் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் நலம்.

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் விடுதலைக்குக் காத்திருப்பவர்களுக்கு வகுப்பெடுக்க வரமுடியுமா என்று உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும், அங்கே என்ன பாடம் சொல்வது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். பணி ஓய்வுக்குப் பிறகு நான் இலவசச் சட்ட உதவி தரும் தாலுகா சட்டப்பணிக் குழுவின் தன்னார்வலனாகச் சேர்ந்து, விய்யூர் மத்தியச் சிறையில் இருக்கும் நம் பகுதி ஆட்களுக்கும் அவர்கள் வீடுகளுக்கும் இடையே அலைந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியும். அந்த அலைச்சலில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பாடத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் உன் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் இதுவரை ஒருமுறையாவது பரோலில் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று கேள். போய் வந்தவனுக்கு உன் வகுப்பு ஓரளவு உதவும். ஒருமுறைகூடப் போகாதவனை வகுப்பில் உட்காரவைத்து நல்வாழ்க்கையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அவன் மனத்தில் இருப்பது அவன் உள்ளே போன நாளில் விட்டுவந்த வீடும் ஊரும்தான். அவை இரண்டும் இன்று இல்லை.

கேரளச் சிறை விதிகளின்படி தகுதியுள்ள தண்டனைக் கைதிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சாதாரண விடுப்பு, அதாவது பரோல், உண்டு. தவணை தவணையாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கம் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. பெயர் வேறானாலும் இரண்டு பக்கமும் இதை நன்னடத்தைக்குக் கிடைக்கும் சலுகை என்றே நினைக்கிறார்கள். எனக்கோ இதுதான் விடுதலைக்கு ஒரே உண்மையான பயிற்சி என்று தோன்றுகிறது. நம் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர் இதை அன்றைக்கே சொல்லிவிட்டார். 1948-ல் ஒரு மாதம் தாமே சிறையில் இருந்தவர், 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கையில் வைத்திருந்தவர், 1977-ல் உச்ச நீதிமன்றத்தில் முகமது கியாசுதீன் வழக்கில் ஆந்திரத்து இளைஞன் ஒருவனின் தண்டனையைக் குறைத்தபோது, அவனுக்கு ஏற்ற வேலை கொடுக்கவும், சிறைக்காலத்தின் இடையிடையே பரோலில் வீட்டுக்கு அனுப்பிவைக்கவும் சேர்த்தே உத்தரவிட்டார். அவர் பிறந்தநாளான நவம்பர் 15-ஐக் கேரளத்தில் நன்னடத்தை நாளாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டத்தில் பொன்னாடைகளுக்குக் குறைவில்லை. விடுப்பு மனுக்கள் என்ன வேகத்தில் நகர்கின்றன என்று அந்த மேடையில் யாராவது கேட்டால் நன்றாயிருக்கும்.

விடுப்பில் வந்த ஒருவரின் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். சிறையில் இரவுச் சாப்பாட்டை, அறைகளைப் பூட்டுவதற்கு முன்பே, மாலையிலேயே கொடுத்துவிடுவார்கள். பல ஆண்டுகளாக அப்படிச் சாப்பிட்டுப் பழகிய அவர், வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலை ஐந்து மணிக்கெல்லாம் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பசி என்று வாய்திறந்து கேட்கவில்லை. அவர் மனைவியோ தோட்ட வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, எட்டரைக்கு இலை போட்டார். இரண்டு பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. மனைவி தன்னை வேண்டாதவனாக நினைக்கிறாள் என்று அவருக்கு. வந்த அன்றைக்கே அதிகாரம் செய்கிறார் என்று அந்த அம்மாவுக்கு. மூன்றாம் நாள் எதற்கோ நான் போனபோதுதான் விஷயம் வெளியே வந்து, மதியம் வடித்த சோற்றில் கொஞ்சம் மாலைக்கு எடுத்துவைப்பது என்று முடிவாயிற்று. முழு விடுதலையாகி வந்த பிறகு இது நேர்ந்திருந்தால் அந்த வருத்தம் எங்கே போய் முடிந்திருக்குமோ. விடுப்பு என்பதால், திரும்பிப் போய்ச் சிறையில் அதை நினைத்துப் பார்க்க அவருக்கு அவகாசம் இருந்தது; அடுத்த முறை வந்தபோது அவரே மாலையில் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்.

இந்த விடுப்பு கிடைப்பதற்குக் காவல்துறையின் அறிக்கையும் நன்னடத்தை அலுவலரின் (புரொபேஷன் ஆபீசர்) அறிக்கையும் சாதகமாக இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருகிறவர் பெரும்பாலும் தெருமுனைக் கடையில் நின்று இரண்டு பேரைக் கேட்பார். அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் ‘ஊரில் எதிர்ப்பு உள்ளது, அமைதிக்குப் பங்கம் வரலாம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் ஊர் எதிர்க்கும் ஆளுக்குத்தான் விடுப்பு எல்லோரையும்விட அதிகம் தேவை; அந்த ஆளுக்குத்தான் அது கிடைப்பதில்லை. இப்படியே பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் ஒருநாளும் வெளியே வராமல் கிடந்துவிட்டு, ஒரு காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஊரின் கருத்தை யாரும் கேட்பதில்லை.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு ஆயுள் தண்டனை பெற்ற ஒருவரின் மனு இப்படித்தான் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. நான் அவர் வீட்டுக்குப் போவதற்கு முன் இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அவர் சில நாட்களுக்கு ஊருக்கு வந்தால் உங்களால் எதைத் தாங்க முடியாது என்று மட்டும் கேட்டேன். இறந்தவரின் தாயார் களத்தில் உட்கார்ந்து கடலைக்காயை உடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘வரட்டுங்க வாத்தியாரே. எங்க வீதி வழியா மட்டும் வரவேண்டாம்னு சொல்லிப்போடுங்க. அவன் இருமுனாலே எனக்குத் தெரிஞ்சுபோகும்’ என்றார். மாரியம்மன் நோன்பின்போது கோயில் பக்கம் வரக்கூடாது என்பது அவர் மகளின் நிபந்தனை. இரண்டும் நியாயம் என்றே எனக்குப் பட்டது. பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதும் இந்த எதிர்ப்புக்கு ஒரு காரணம். வழக்கு முடிந்த நாளோடு அவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குஜராத் சிறைக்கூலி வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் கைதிகளுக்கு நியாயமான கூலி வேண்டும் என்று சொன்னபோதே, அந்தக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பணம் இந்தத் தாயாரைப் போன்றவர்கள் கைக்கு முறையாகப் போய்ச் சேர்ந்தால், அடுத்து அந்த வீட்டுப் படியேறும் என்னைப் போன்றவனுக்குப் பேச்சைத் தொடங்குவது இத்தனை கடினமாக இருக்காது.

ஊருக்குள் வர முடியாது என்பதால், முதல் விடுப்பைக் கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கும் அவருடைய அக்காள் வீட்டில் கழிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம். அதற்குப் பிறகுதான் எல்லை குறுக்கே வந்தது. அக்காள் வீடு தமிழ்நாடு, சிறை கேரளம். இந்தப் பக்கத்து மலையாளக் கடிதம் அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து தமிழில் பதில் வந்து, அதை மொழிபெயர்க்க ஒரு ஆள் கிடைத்து, எல்லாம் முடிவதற்குள் விண்ணப்பத்தின் காலம் கடந்துவிட்டது. எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் நின்றால் ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைக்கலாம். ஒரு தாள் மட்டும் அதைக் கடக்க மாதக்கணக்காகிறது. 1956-ல் கோடு போட்டபோது உன் செங்கோட்டை அந்தப் பக்கம் போனது, எங்கள் சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. பெண் கொடுத்து எடுப்பதையும் பகை வளர்ப்பதையும் யாரும் அதற்காக நிறுத்திக்கொள்ளவில்லை. ஆகவே உன் பட்டியலில் கேரளத்துக்காரர் இருந்தால், விடுதலைக்கு ஓராண்டு முன்னதாகவே அந்தத் தாள்களை நகர்த்தத் தொடங்கிவிடு. அந்த மனிதருக்கு ஒருவழியாக இரண்டாவது விண்ணப்பத்தில் விடுப்புக் கிடைத்தது. அக்காள் வீட்டில் மாடு மேய்த்துவிட்டுச் சொன்ன நாளில் திரும்பிப் போனார்.

‘வெளியே விட்டால் என்ன ஆகும்?’ என்று உன்னிடமும் கேட்பார்கள். 2020-ல் கோவிட் வந்தபோது, சிறை நெரிசலைக் குறைக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மாநிலந்தோறும் உயர்நிலைக் குழுக்கள் அமைத்துப் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேரளத்தில் அப்படிப் போனவர்களில் பலர், விடுப்பு நீட்டிக்கப்பட்டதால், 2022 வரை வெளியிலேயே இருந்தார்கள். எனக்குத் தெரிந்த சிலர் அந்த நாட்களில் குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயமே செய்துவிட்டார்கள். திட்டமிடாமல் கிடைத்த அந்த நீண்ட விடுப்பு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுத்திருக்காது.

தொழிற்பயிற்சியைப் பற்றியும் கேட்டிருந்தாய். விய்யூரிலும் திருவனந்தபுரத்துப் பூஜப்புரைச் சிறையிலும் சப்பாத்தி செய்து விற்கிறார்கள். தொடக்கத்தில் ஒன்று 2 ரூபாய்க்கு விற்ற அந்தச் சப்பாத்தியை நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். கூலி கிடைக்கிறது, நேரம் போகிறது, வெளியே நல்ல பெயரும் இருக்கிறது. ஆனால் இங்கே திரும்பி வருகிறவருக்குக் காத்திருக்கும் வேலை தென்னையில் கள் இறக்குவது, கோழிப்பண்ணை, கடலைக்காடு, லாரி இவைதான். உள்ளே போவதற்கு முன் வாளையார் எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிக்காரர்களுக்கு வரித்தாள் எழுதிக்கொடுத்துப் பிழைத்த ஒருவர் இருந்தார். வெளியே வந்தால் பழைய இடத்தில் ஒரு மேசை போட்டுக்கொள்ளலாம் என்று உறுதியாக நம்பியிருந்தார். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிசையும் அந்தத் தொழிலுமே போய்விட்ட செய்தி, காதில் விழுந்திருந்தும் அவர் மனத்தில் ஏறவில்லை. விடுப்பில் வந்து, லாரிகள் நிற்காமல் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேறு வேலையைப் பற்றிப் பேசவே இசைந்தார்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை நீ ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று குடும்பத்தாரிடம் முன்பே பார்க்கச் சொல். வங்கிக் கணக்கில் 2 ஆண்டு வரவுசெலவு இல்லாவிட்டால் முடங்கிவிடும், 10 ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும்; ஆனாலும் கேட்டால் திரும்பக் கிடைக்கும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டைத் தாண்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். லாரி ஓட்டியவர்கள் இதை அறியாமல் முதலாளியிடம் போய் நிற்கிறார்கள். சிறையில் இருக்கும்வரை வாக்களிக்க முடியாது, வெளியே வந்தால் உரிமை திரும்ப வந்துவிடும். அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்கு 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் 25,000 ரூபாய் வரை கிடைக்கும். மனுப் போட்டுக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பெண் கைதிகளின் நிலை வேறு. ஆணுக்கு விடுப்பு வேண்டி மனைவியோ தாயோ காவல் நிலைய வாசலில் நிற்கிறார்கள்; பெண்ணுக்காக நிற்க ஆளே வருவதில்லை. வந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதித்தர ஒரு வீடு இல்லாததால், ஊர் எதிர்ப்பு என்ற கேள்விக்கே இடமில்லாமல் அவர்கள் மனு நின்றுவிடுகிறது. இதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரீ இல்லம் எதுவும் விடுப்பு நாட்களுக்கு இடம் தருமா என்று விசாரித்து எழுது.

இன்னொரு காரியமும் உன்னால் ஆக வேண்டும். விய்யூரில் இருக்கும் ஒருவருக்கு ஊர், உன் செங்கோட்டையை அடுத்த புளியரைக்குப் பக்கம். ரப்பர் வெட்ட வந்த இடத்தில் வழக்கில் சிக்கியவர்; இதுவரை ஒரு விடுப்புகூட எடுக்கவில்லை, கேட்டதுமில்லை. அவர் தாயார் இருக்கிறாரா, இருந்தால் மகனைப் பத்து நாள் வீட்டில் வைத்துக்கொள்ள மனமிருக்கிறதா என்று தெரிந்தால், இந்த மாதமே மனு எழுதிவிடுவேன். விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். போகும்போது விய்யூர் என்ற பெயரைத் தெருவில் எடுக்காதே, முதலில் ரேஷன் அட்டை விஷயமாக வந்ததாகவே சொல். அந்த அம்மா மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அங்கே தம்பி, தங்கை யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுது. காவல் நிலையத்துக்கு அதற்குப் பிறகு போனால் போதும்.

அன்புடன்,
ஆறுச்சாமி