சரசுக்கு, டெட்டால் ராணி எழுதுறது

ஏய் சரசு,

பசியாறியாச்சா? நான் நல்லாதான் இருக்கேன், முட்டி வலி அப்படியே, ஃபிளாட்டுல லிஃப்ட் இந்த மாசமும் பழுது, அத விடு. ரெண்டு மாசமா ஒரு வரி எழுதலன்னு நீ சென்டூல்ல இருந்து திட்டுறது ஜெலுத்தோங் வரைக்கும் கேக்குது. திட்டிக்கோ. ஆனா முதல்ல இதக் கேளு.

தவுக்கே சாகக் கெடந்தான் டி. ஸ்கூடாய்க்குப் படிக்கப் போறப்போ மகன் என் தலையில கட்டிட்டுப் போனானே, செவப்புக் கொண்ட வச்ச அந்த ஒராண்டா தங்கமீன், அவனேதான். காரணம் யாருன்னு கேட்டா விழுந்து விழுந்து சிரிப்ப. நான்தான்.

தீபாவளிக்கு வீட்டையே கழுவிப்போட்ட வேகத்துல தொட்டிய மட்டும் சும்மா விடுவேனா? ஃபில்டர் பஞ்ச எடுத்துப் பாத்தா பழுப்பா சளி மாதிரி கெடக்கு, பாத்ததுமே குமட்டல், குழாயத் திறந்துவிட்டு பிழிஞ்சு பிழிஞ்சு வெள்ளையாகுற வரைக்கும் அலசுனேன். எவ்ளோ பெருமை தெரியுமா, போட்டோ எடுத்து மகனுக்கு வேற அனுப்புனேன். மூணாம் நாள் காலையில பாத்தா தவுக்கே தண்ணிக்கு மேல வந்து வாயப் பொளந்து பொளந்து மூச்சு வாங்குறான், வால் ஓரமெல்லாம் ரத்தக் கோடு.

உடனே மீன் கடைக்கு ஓடுனேன். கடைக்காரன் என் மூஞ்சியப் பாத்தே நீல மருந்து ஒரு பாட்டில தள்ளிவிட்டான், 18 வெள்ளி. நல்லவேள, ஊத்துறதுக்குள்ள பக்கத்து பிளாக் அங்கிள், அதான் அந்த கூண்டுப் பறவ அங்கிள், டெஸ்ட் கிட்டோட வந்துட்டாரு. மஞ்சளா இருக்க வேண்டிய தண்ணி பச்சப் பசேல்னு ஆயிடுச்சு. அமோனியாவாம். மீன் செவுள் வழியாவே அத வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், பஞ்சுல இருக்குற பாக்டீரியாதான் அத நைட்ரைட்டாக்கி, அப்புறம் அவ்ளோ கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்துமாம். நான் குழாய்த் தண்ணி குளோரின்ல அந்தக் குடும்பத்தையே கொன்னுட்டேன். மருந்த ஊத்தியிருந்தா மிச்சம் மீதியும் காலியாம். டெட்டால் ராணின்னு நீ வச்ச பேர் அன்னைக்குத்தான்டி எனக்கு உறைச்சுச்சு.

எமர்ஜென்சி லீவு போட்டேன். சூப்பர்வைசர் யாருக்கு என்னன்னு கேட்டாங்க, வாய் தவறி "சின்னவனுக்கு மூச்சுத் திணறல்"னுட்டேன். ரெண்டு நாள் லீவும் கொடுத்து, ஒரு பாக்கெட் மைலோவும் கொடுத்துவிட்டாங்க. இன்னும் அந்த மைலோவத் தொட மனசு வரல.

தினமும் பாதித் தண்ணி மாத்தணும், ஆன்டி குளோரின் போட்டுத்தான் ஊத்தணும், சாப்பாடு கட். நம்ம ஊரு வெயில்ல தொட்டி 31 டிகிரி, சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி, அது குளிர்ல வளர்ற மீன் வேற, அதனால டேபிள் ஃபேன தண்ணிக்கு நேரா வச்சேன், நான் வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நைட்ரைட் ஏற ஆரம்பிச்சதும் லிட்டருக்கு 1 கிராம் உப்பு, 60 லிட்டர் தொட்டிக்கு தராசுல நிறுத்து 60 கிராம். அங்கிள் அவரு தொட்டியில இருந்து ஒரு அழுக்குப் பஞ்சு தந்தாரு பாரு, நாறுது, நான் அத தங்கம் மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு உடம்புல அங்கங்க கருப்பு. அவ்ளோதான் போச்சுன்னு சமையக்கட்டுல உக்காந்து அழுதேன். அங்கிள் பாத்துட்டு, அமோனியா சுட்ட புண்ணு ஆறுறப்போ அப்படித்தான் கருக்கும், நல்லதுதான்னு சொல்லிட்டுப் போறாரு. இப்போ அஞ்சு வாரம் ஆச்சு, டெஸ்ட் மஞ்சள்லயே நிக்குது, தவுக்கே என்னப் பாத்தா பசின்னு கண்ணாடிய முட்டுறான். மகன் வீடியோ கால்ல கேட்டப்பல்லாம் "தூங்குறான்டா"ன்னே ஓட்டிட்டேன், இன்னும் உண்மையச் சொல்லல. நீயும் உளறிடாத.

சரசு, ஒண்ணு கேக்கணும். ஸ்கேன் எடுத்திருக்கேன்னு அன்னைக்கு அனுப்புன, நான் ஒரு கட்டைவிரல் போட்டுட்டு மீன் பின்னாடி ஓடிட்டேன். அப்புறம் நீ ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. தினம் ரெண்டு தடவ மீனுக்கு டெஸ்ட் எடுத்தவ உனக்கு ஒரு போன் போடல. கேக்க பயமா இருந்துச்சு டி, அதான் நெசம்.

வெள்ளிக்கிழம பட்டர்வொர்த்துல இடிஎஸ் ரயில் ஏறி வர்றேன். ரிசல்ட் பேப்பர எடுத்து வை, ஒளிக்காத. ரெண்டு நாளைக்கு தவுக்கேய அங்கிள் பாத்துக்குவாரு. உன் வீட்டு சிங்க் எப்படி இருந்தாலும் தொடமாட்டேன், சத்தியமா.

ராணி