பேர அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ எங்ககிட்ட காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க வீட்ல பேத்தி பொறந்து அஞ்சு மாசம் ஆகப்போவுது. யாழினின்னு பதினாறாம் நாளே காதுல மூணு தடவ சொல்லி தொட்டில்லயும் போட்டாச்சு, ஆனா அந்தப் பேர இங்கிலீஷ்ல எப்படி எழுதுறதுங்கிறது மட்டும் இன்னும் முடிவாகல. பொண்ணு ழவுக்கு இசட் ஹெச் போடணும்ங்கிறா, மாப்பிள்ளை வெறும் எல் போதும்ங்கிறார், சம்பந்தியம்மா நியூமராலஜி பாக்குறவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்த சீட்டுல முன்னாடி ரெண்டு ஏ, கடைசியில ரெண்டு ஐ. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு சிலருக்குத் தோணலாம். என் பொண்ணு பட்ட பாட்ட கூடவே இருந்து பாத்தவ நான், அதனாலதான் எழுதுறேன்.

பொண்ணு பேரு எழில். அவ பொறந்தப்ப நான் பெட்ல கெடந்தேன், ஆஸ்பத்திரில பாரத்த நீட்டி சீக்கிரம் எழுதிக் குடுங்கன்னு அவசரப்படுத்தினாங்க, எங்க அண்ணன் நின்ன வாக்குல எழுதிக் குடுத்துட்டாரு. சர்டிபிகேட் வந்தப்ப இங்கிலீஷ்ல ழவுக்கு எல் போட்டிருந்துச்சு, தமிழ்லயோ கடைசி எழுத்து குண்டு ள ஆகி 'எழிள்'னு இருந்துச்சு. அப்ப யாரும் அத பெருசா எடுத்துக்கல. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது டீச்சர் நல்ல மனசோட திருத்தி இசட் ஹெச் போட்டு எழுதிக்கிட்டாங்க, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் வரைக்கும் அதுவே வந்துச்சு. அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கப் போனோம். கவுண்டர்ல இருந்தவர் ரெண்டு பேப்பரையும் பக்கத்து பக்கத்துல வச்சு, பேனா மூடியால ஒவ்வொரு எழுத்தா தட்டிக் காட்டினாரு. "இது ஒருத்தர், இது இன்னொருத்தர்மா"ன்னாரு. பெத்தவ நான் பக்கத்துல நிக்கிறேன், பொண்ணு நிக்கிறா, ரெண்டும் ஒரே புள்ளதான்னு நிரூபிக்க நோட்டரி, அஃபிடவிட், பேப்பர் விளம்பரம், அரசிதழ்னு ஏழு மாசம் அலைஞ்சோம், அவ வேலைக்குச் சேர வேண்டிய தேதி ரெண்டு தடவ தள்ளிப் போச்சு.

இப்ப இது இன்னும் முக்கியம். 1.10.2023லேருந்து பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல் சேக்குறது, ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், ஓட்டர் லிஸ்ட், அரசு வேலைன்னு எல்லாத்துக்கும் பொறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்னு சட்டத்தையே திருத்திட்டாங்க. அந்த ஒரு தாள்ல ஒரு சுழி தப்பினா ஆயுசுக்கும் கூடவே வரும்.

ஸ்பெல்லிங் விஷயத்துல நம்ம ஊர்லயே ஒரு வழி கிடையாது பாருங்க. தமிழ்ங்கிற பேருக்கே எல்தான் போடுறோம், பழனிக்கும் எல்தான், ஆனா கட்சிப் பேர்ல கழகம்னு வந்தா இசட் ஹெச். இலங்கையில யாழ்தேவின்னு ஒரு ரயில் ஓடுது, அதுல இருக்கிற யாழ ஒருத்தர் வெறும் எல் போட்டு எழுதுறாங்க, இன்னொருத்தர் ஆர் எல்லுனு சேத்து எழுதுறாங்க. 2020 ஜூன்ல நம்ம அரசாங்கமே 1018 ஊர் பேர தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷ்ல மாத்தி ஆணை போட்டுட்டு, சில நாள்லயே வாபஸ் வாங்கிடுச்சு. அரசாங்கத்துக்கே அவ்வளவு சிக்கல்னா, பச்ச ஒடம்புக்காரி ஆஸ்பத்திரி பெட்ல உக்காந்து அஞ்சு நிமிஷத்துல எப்படி முடிவு பண்ணுவா?

என்னைக் கேட்டா இசட் ஹெச் போடுறதுதான் சரி. வடக்க போனா அத 'யாஜினி'ன்னு படிப்பாங்கங்கிற மாப்பிள்ளையோட கவலை எனக்குப் புரியுது, அவர் பெங்களூர்ல இருக்கார், தெனம் பாக்குறார். ஆனா கேரளாக்காரங்களும் கோழிக்கோடு, ஆலப்புழாவுக்கெல்லாம் அதத்தான் போடுறாங்க, அந்தச் சத்தம் இருக்கிற ரெண்டு பாஷைக்காரங்களும் பாத்த உடனே ழன்னு தெரிஞ்சுக்குவாங்க. மத்தவங்களுக்கு அவளே ஒரு தடவ சொல்லிக் குடுத்துக்குவா. எல் போட்டா நம்மாளே அவள யாலினின்னு கூப்பிடுவான், அதத்தான் என்னால தாங்க முடியாது. நியூமராலஜிக்காக எழுத்து கூட்டுறது மட்டும் வேண்டாம்னு சம்பந்தியம்மாகிட்ட பக்குவமா சொல்லிட்டேன், ஒவ்வொரு ஆபீஸ்லயும் அந்தப் புள்ள 'ஏ ரெண்டு தடவ, ஐ ரெண்டு தடவ'ன்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டு நிக்கணும்ல. நட்சத்திர எழுத்தும் அப்படித்தான் ஆச்சு. புள்ளைக்கு அஸ்தம், பூ, ஷ, ண, டன்னு ஜோசியர் எழுதிக் குடுத்தாரு, பூவைத் தவிர மத்த மூணுல தமிழ்ப் பேரு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, அதனால அத விட்டுட்டோம்.

கூப்பிடுற பேரப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அந்தக் காலத்துல தாத்தா பேரத்தான் வைப்பாங்க, பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்லேருந்து வந்ததுதான். மருமக மாமனார் பேர வாயால சொல்லக்கூடாது, அதனால எங்க அம்மா எங்க அண்ணன கடைசி வரைக்கும் 'ஐயா'ன்னுதான் கூப்பிட்டாங்க. அதுல ஒரு அர்த்தம் இருந்துச்சு. இப்ப வீட்ல புஜ்ஜி, பட்டு, பப்புன்னு பேருக்குச் சம்பந்தமே இல்லாம கூப்பிட்டுட்டு மூணு வயசுல எல்கேஜில கொண்டு போய் விடுறோம். எங்க தெருவுல ஒரு பையன் அப்படித்தான், டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியே பாக்கல, காது கேக்கலையோன்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிட்டாங்க. காது நல்லாத்தான் இருந்துச்சு, அது தன் பேருன்னே அவனுக்குத் தெரியல. அந்த அம்மா அன்னைக்கு அழுதது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

செல்லப் பேரு வேணாம்னு நான் சொல்லல, அது பேருக்குள்ள இருந்தே வரட்டும்னுதான் சொல்றேன். எங்க விருதுநகர் பக்கம் வாழைப்பழத்த 'வாளப்பளம்'னுதான் சொல்லுவோம், எனக்கே பேச்சுல சிறப்பு ழ வராது, யாளினின்னுதான் வாயில வருது, இப்ப இந்தப் புள்ளைக்காக நாக்க மடிச்சு பழகிக்கிட்டிருக்கேன். மூத்தவனுக்கு மூணு வயசு, அவனுக்கு ழ வந்தா ய ஆயிடும். தொட்டில்கிட்ட போய் கம்பியப் புடிச்சுக்கிட்டு "யாயி, யாயி"ன்னு கூப்பிடுறான், அவளும் கால உதறிக்கிட்டு சிரிக்கிறா. இப்ப வீடே யாயின்னுதான் கூப்பிடுது. நாளைக்கு ஸ்கூல்ல முழுப் பேரக் கூப்பிட்டாலும் அவளுக்கு அது அந்நியமா இருக்காது.

உங்க பத்திரிகை மூலமா ரெண்டு விஷயம் கேட்டுக்கிறேன். பொறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சா போதும், பேர அப்பவே குடுக்கணும்னு இல்ல, 12 மாசத்துக்குள்ள காசில்லாம சேத்துக்கலாம், அதுக்கு மேலயும் லேட் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம். இத பிரசவ வார்டு செவுத்துல பெருசா எழுதி ஒட்டணும், எங்களுக்கு அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா அண்ணன் அவசரப்பட்டிருக்க மாட்டாரு. ரெண்டாவது, பதிவு பண்ற ஆபீஸ்ல கடைசியா அச்சடிக்கிறதுக்கு முன்னாடி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேர பெரிய எழுத்துல ஒரு தாள்ல எடுத்து, அப்பா அம்மாகிட்ட குடுத்து, ஒவ்வொரு எழுத்தா படிக்கச் சொல்லி கையெழுத்து வாங்கணும். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, குண்டு ள எல்லாத்தையும் அங்கயே பாத்துக்கலாம். ஒரு தாளும் ரெண்டு நிமிஷமும்தான் ஆகும்.

யாழினிக்கு இன்னும் ஏழு மாசம் டைம் இருக்கு. அதுவரைக்கும் பாரம் பீரோவுலதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
விருதுநகர்